வெங்காயத் தோட்டத்தில் நின்ற ட்ராக்டர்

தம்பிகளே, இந்த வருடம் மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரே தங்கையே,

ஓய்வு பெற்றவனிடம் அனுபவம் கேட்பது ஆபத்தான காரியம். ஒரு பக்கம் கேட்டால் ஒன்பது பக்கம் தருவான். அதில் எட்டுப் பக்கம் அவன் எப்படி ஜெயித்தான் என்றே இருக்கும். நான் ஜெயித்த கதைகளை வீட்டில் சொல்லிச் சொல்லி, இப்போது நான் பாதியில் மறந்தால் என் மனைவி மீதியை எடுத்துக் கொடுக்கிறார். அதனால் அவருக்கும் தெரியாத ஒரு கதையை உங்களுக்கு எழுதுகிறேன். இது உங்கள் மலரில் அச்சாகி அவர் கைக்குப் போகும்போது நான் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

டீசல் தீர்ந்து நின்றுபோன பழைய ட்ராக்டரை மறுபடி ஓட வைப்பதைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். அதற்கு நான் தேவையில்லை. தொட்டி காலியானால் பைப்புக்குள் காற்று புகுந்துகொள்ளும். அந்தக் காற்றை எந்தத் திருகைத் தளர்த்தி எப்படி வெளியேற்றுவது என்று உங்கள் ஐ.டி.ஐ. வாத்தியார் காட்டியிருப்பார். அவர் காட்டாததைச் செல்போனில் யாரோ ஒருவர் பாட்டுப் போட்டுக் காட்டுகிறார். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிட வேலையை, முப்பது வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ள நான், ஒரு நாள் காலையில் ஆரம்பித்து மத்தியானம் தாண்டும் வரை செய்தேன். அது எப்படி முடிந்தது என்பதைச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் உபயோகமாக இருக்கும்.

முதலில் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ளுங்கள். திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த பட்டறையில் எனக்குக் 'கைராசிக்காரர்' என்று பெயர். வண்டி வாசலுக்கு வரும்போதே சத்தத்தை வைத்து வியாதியைச் சொல்லிவிடுவேன் என்று நத்தம் வரைக்கும் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டவர்களில் நானும் ஒருவன். சரியாகச் சொன்ன பத்தை நானே ஊரெல்லாம் சொல்லுவேன். தப்பாகச் சொன்ன இருபதை யாரும் எடுப்பதற்கு முன்னால் அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

கதையில் வருகிற வண்டி சவரியுடையது. சவரிமுத்து எரியோடு பக்கத்துக்காரர், நாற்பது வயது, சொந்தமாக ஒரே ஒரு ட்ராக்டர். வண்டிக்கு அவர் வயதில் முக்கால் இருக்கும். வாடகைக்கு உழுது பிழைக்கிறவர். டீசல் காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு வேப்பங்குச்சி வைத்திருந்தார். மூடியைத் திறந்து குச்சியை உள்ளே விட்டு, நனைந்த அளவைப் பார்த்து, ஐந்து லிட்டர் பத்து லிட்டர் என்று ஊற்றுவார். முழுத் தொட்டி நிரப்பி நான் பார்த்ததே இல்லை.

சவரி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அதே தவறாமையோடு ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி எங்கள் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்துவார். அன்றைக்கு வருகிற வண்டிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. முதலாளிகூட அதில் தலையிட மாட்டார். சிலர் விளக்கில் ஒரு புள்ளி, ஸ்டீயரிங்கில் ஒரு புள்ளி என்று கஞ்சத்தனமாக வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, கட்டைவிரலால் எடுத்து, கண்ணில் படுகிற இடத்திலெல்லாம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தால்தான் எனக்கு மனசு நிறையும். அந்த வருடமும் அப்படித்தான் வைத்தேன்.

பூஜை முடிந்து நாலாம் நாள். முந்தின வாரம் நல்ல மழை பெய்து, பூஜைக்கு அப்புறம் வெயில் அடித்திருந்தது. காலையில் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சவரியின் போன்.

"அண்ணே, வண்டி நின்னுபோச்சுண்ணே. அவசரத்துல குச்சிய விட்டுப் பாக்காமக் கெளம்பிட்டேன். டீசல் சுத்தமாத் தீந்துருச்சு. அஞ்சு லிட்டர் வாங்கியாந்து ஊத்திட்டேன், புடிக்க மாட்டேங்குது."

"எங்க இருக்க?"

"நம்ம பாண்டியம்மாக்கா தோட்டத்துலண்ணே. வெங்காயம் நடவு. பார் போட்டுக்கிட்டு இருக்கேன். நடவுக்கு ஆளுக வந்து உக்காந்திருக்கு. செத்த வந்துட்டுப் போயிருங்கண்ணே."

போனேன். பாண்டியம்மாளுக்கு அங்கே குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏக்கர். கணவர் திருப்பூரில் ஒரு மில்லுக்குக் காவல் வேலைக்குப் போய்விட்டதால் வெள்ளாமை முழுக்க அவர் கையில். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அதனால் எனக்கு அக்கா. சின்ன வெங்காயம் நட, ட்ராக்டர் முன்னால் போய் மண்ணை வரப்பு வரப்பாக ஏற்றிக் கொடுக்க வேண்டும். அந்த வரப்பைத்தான் பார் என்பார்கள். பார் போடப் போட, பெண்கள் பின்னாலேயே உட்கார்ந்து நட்டுக்கொண்டு வருவார்கள். அன்றைக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். போன பட்டத்தில் எடுத்து நிழலில் காற்றாடப் போட்டுக் காத்த விதை வெங்காயம், பிரித்து, கூடை கூடையாக வரப்பில் இருந்தது.

பாண்டியம்மாள் என்னைப் பார்த்ததும் கும்பிடவில்லை, குசலம் கேட்கவில்லை. மேற்கே கையைக் காட்டினார்.

"தம்பி, சாயங்காலம் மழ எறங்கிரும். எறங்குச்சுன்னா இந்த மண்ணுல பத்து நாளைக்கு வண்டி கால் வைக்க முடியாது. பிரிச்ச வெத அம்புட்டும் மொளைச்சு அழுகிப் போகும். இன்னைக்கு விட்டா எனக்கு இந்தப் பட்டம் இல்ல. அதுக்குள்ள முடிச்சுக் குடுத்துருவியா?"

"அக்கா, பத்து நிமிசம்" என்றேன்.

உண்மையிலேயே பத்து நிமிடம்தான் ஆனது. காற்றை வெளியேற்றினேன், ஸ்டார்ட் செய்யச் சொன்னேன், வண்டி இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வரப்பில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி கையைத் தட்டினாள். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். பதினான்கு பேர் எனக்காகக் கை தட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என் கல்யாணத்தில்கூட யாரும் தட்டவில்லை.

அதோடு கிளம்பியிருந்தால் இந்தக் கதை இல்லை. கைதட்டல் கேட்ட காது அதற்கப்புறம் கொஞ்ச நேரத்துக்கு வேறு எதையும் கேட்காது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். வண்டி பார் போட்டுக்கொண்டு திரும்பி வந்ததும் சவரியை நிறுத்தி உபதேசம் பண்ண ஆரம்பித்தேன்.

"அஞ்சு லிட்டர் ஊத்தி வண்டி ஓட்டுறது என்ன பழக்கம் சவரி? இதனாலதான் காத்து பிடிக்குது. முழுசா ரொப்பிட்டு ஓட்டு."

"நடவு முடியட்டும்ண்ணே. இப்ப டீசலுக்கு யாரு போறது?"

"நான் போறேன்யா."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வது என்பார்களே, அதை நான் பைக்கில் கட்டிக்கொண்டேன். இரண்டு பெரிய கேன்களைப் பின்னால் வைத்துக் கட்டி பங்க்குக்குப் போய், டீசல் வாங்கி, பக்கத்துக் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அந்த ஒரு மணி நேரமும் வண்டி அந்த ஐந்து லிட்டரில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் கவனிக்கவில்லை. தொட்டி வழிகிற மாதிரி ஊற்றி, மூடியை என் கையாலேயே போட்டு இறுக்கினேன். மூடி நிறையச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து போயிருந்தது. கண்ணில் படவில்லையா என்று கேட்பீர்கள். பட்டது. பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

பாதி வழி போயிருப்பேன், போன் அடித்தது. வண்டி நின்றுவிட்டது.

திரும்பிப் போனபோது சவரி மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிரப்பிய தொட்டியைக் குச்சி விட்டுப் பார்ப்பது எனக்கு அவமரியாதையாகப் பட்டது. "நெறைய இருக்குல்ல? பொறவென்ன?" என்று அதட்டிவிட்டுக் கீழே குனிந்தேன். திருகைத் தளர்த்தினால் நுரை நுரையாகக் காற்று வந்தது. ஆகா, எங்கேயோ காற்றை இழுக்கிறது, வாஷர் தேய்ந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன். பைக் பெட்டியில் இருந்த செம்பு வாஷரை மாற்றினேன். காற்றை எடுத்தேன். வண்டி பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை கைதட்டல் கொஞ்சம் குறைவு.

இருபது நிமிடம் ஓடி மறுபடி நின்றது.

சவரி மூடியைத் திறந்தார், குச்சியை விட்டார். நான் இருக்கிற இணைப்பையெல்லாம் இறுக்கினேன். காற்றை எடுத்தேன். பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் ஓடி மறுபடி நின்றது.

அதற்குள் போட்ட பாரையெல்லாம் நட்டு முடித்துவிட்டு, பெண்கள் வேப்ப மரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் அங்கே உட்கார்ந்தது நிழலுக்காக என்றுதான் நான் நம்ப ஆசைப்படுகிறேன். அங்கிருந்து என்னையும் என் வேலையையும் நன்றாகப் பார்க்கலாம்.

"மெக்கானிக் அண்ணே, அதுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்திப் பாக்குறதுதானே?"

"ஏன்டி, அவரு கைராசிக்காரராம்ல. கைய வச்சுட்டுப் போனாத்தான் ஓடுமாம். கைய அங்கனயே வச்சுக்கிட்டு இருக்கச் சொல்லு."

"சாப்டீகளாண்ணே? துவையல் இருக்கு, வெஞ்சனத்துக்கு."

கடைசியாகச் சொன்னது பரிவு. எனக்கு அதுவும் கேலியாகத்தான் கேட்டது. தப்புச் செய்துகொண்டிருப்பவனின் காதுக்குத் துவையல்கூடக் குத்தும்.

பாண்டியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வானத்தையும் வெங்காயக் கூடைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கவா? சவரி அந்த மூடியத் தொறக்கும்போதெல்லாம் புஸ்ஸுனு ஒரு சத்தம் வருதே, அது எதுக்கு?"

"அது அப்படித்தான்க்கா வரும்."

"காலைல தொறக்கும்போது வரலயே."

"அக்கா, நான் பாத்துக்கிறேன்."

"இல்ல, எண்ணெ டின்னுல ஒத்த ஓட்ட போட்டா எண்ணெ வராதுல்ல. எதுத்தாப்புல இன்னொரு ஓட்ட போட்டாத்தானே வரும். அது மாதிரி எதுவும்…"

"அக்கா" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. "இது எண்ணெ டின் இல்ல. டீசல் எஞ்சின்."

பதினான்கு பெண்களுக்கும் கேட்டிருக்கும். பாண்டியம்மாள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு நான் செய்த தப்புகளில் இப்போதும் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். வண்டியின் காரியத்தில் தவறலாம், அது தொழிலோடு வருவது. சத்தத்தை வைத்தே வியாதி சொல்லுகிறவன் என்று பெயர் வாங்கியவன் நான். சத்தத்தைக் கேட்டுச் சரியாகச் சொன்னது அவர். நான் அவர் வாயை அடைத்தேன்.

அடுத்துச் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. டீசலை இழுத்துக் கொடுக்கும் பம்பின் மேல் பழியைப் போட்டேன். அதைக் கழற்றி, ஒரு சாக்கை விரித்து, திருகு திருகாகப் பிரித்துப் பரப்பினேன். ஒரு குற்றமும் அதில் இல்லை. ஆனால் பிரித்துவிட்டேனே, அதனால் எதையாவது கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு ஸ்பிரிங்கைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "ம்ம், இதுதான்" என்று தலையாட்டினேன். எது இதுதான் என்று எனக்கே தெரியாது. பிரிக்கவும் கழுவவும் மாட்டவும் இரண்டு மணி நேரம் போனது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பெண்கள் கேலியை நிறுத்திவிட்டார்கள். கேலி பேசியபோது இருந்ததைவிட அது மோசமாக இருந்தது.

பம்பை மாட்டி வண்டியை எடுத்தோம். நான்கு பார் போட்டது. வயலுக்கு நடுவில் போய் நின்றது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணியைத் தாண்டியிருந்தது. ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் பார் விழுந்திருந்தது. பாண்டியம்மாள் வயலுக்குள் நடந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"தம்பி, கோவிச்சுக்காத" என்றார். "மூடிய மூடாம ஒருக்கா ஓட்டிப் பாக்கலாமா?"

அந்தத் தடவை நான் கேட்டேன். புத்தி வந்து கேட்டதாக நினைக்காதீர்கள். கழற்றுவதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை, அதனால் கேட்டேன்.

சவரி மூடியைத் திறந்தார். புஸ். காற்றை எடுத்தேன், வண்டி பிடித்தது. மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு ஓட்டச் சொன்னேன். ஒரு பார், இரண்டு பார், பத்து பார். நிற்கவில்லை. அரை மணி நேரமாயிற்று, நிற்கவில்லை. அதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

தொட்டியில் டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கென்று மூடியின் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. அது அடைபட்டால் டீசல் கீழே இறங்காது. பம்ப் இழுக்கிற இழுப்பில் பழைய இணைப்புகள் வழியாகக் காற்று உள்ளே வரும், வண்டி நிற்கும். தொட்டியில் ஐந்து லிட்டர்தான் இருந்தால் மேலே வெறும் இடம் நிறைய இருப்பதால் சமாளித்துக்கொள்ளும். வழிய வழிய நிரப்பினால் சீக்கிரமே மூச்சு முட்டும். சவரி குச்சி விடுவதற்காக ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்தாரே, அதனால்தான் வண்டி மறுபடி கொஞ்ச நேரம் ஓடியது. ஓட வைத்தது சவரியின் வேப்பங்குச்சி, கைதட்டல் வாங்கியது நான்.

மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்து இறுகிய சந்தனம், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு. நடுவில் குங்குமம். சந்தனத்தில் கட்டைவிரல் ரேகை அச்சுப் போட்டது மாதிரி தெளிவாக விழுந்திருந்தது. ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. அந்தத் தழும்பு என் வலது கட்டைவிரலில் இன்றைக்கும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் விசிறி வெட்டியது. நம்ப மாட்டேன் என்பவர்களுக்கு நேரில் காட்டுகிறேன்.

"என்ன தம்பி, என்னமும் அடச்சிருக்கா?" என்றார் பாண்டியம்மாள்.

"ஆமாக்கா. தூசி."

"தூசியா?"

"தூசிதான்க்கா. பழைய வண்டில்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சந்தனத்தையும் குங்குமத்தையும் தூசியில் மறைத்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அவர் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி நீட்டினார். நான் திரும்பி நின்றுகொண்டு ஓட்டையைக் குத்திவிட்டேன். ஒரு நொடி வேலை. மூடியைப் பெட்ரோல் துணியால் துடைக்கலாம் என்று பார்த்தேன், அதற்குள் சவரி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"நல்லா இருப்ப தம்பி" என்றார் பாண்டியம்மாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அதற்கப்புறம் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனால் மழைக்கு நான் விழுங்கிய நேரத்தைப் பற்றிக் கவலை இல்லை. நான்கு மணிக்கு முதல் துளி விழுந்தது. வண்டி இன்னும் அரை ஏக்கர் பாக்கி இருக்கும்போதே வெளியே வர வேண்டியதாயிற்று. போட்ட பாரையாவது நட்டுவிட வேண்டும் என்று பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நட்டார்கள். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை. பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு நானும் ஒரு கூடையை எடுத்து உட்கார்ந்தேன். மளமளவென்று மூன்று பார் நட்டேன். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு அலறினாள்.

"ஐயையோ! அக்கா, இங்க வந்து பாருங்க. மெக்கானிக் அண்ணே அம்புட்டையும் தலகீழா நட்டு வச்சுருக்காரு. வேரு மானத்தப் பாத்துக்கிட்டு இருக்கு!"

மழையில் நனைந்துகொண்டே பதினான்கு பேரும் சிரித்தார்கள். பாண்டியம்மாளும் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான். நான் நட்டதையெல்லாம் பிடுங்கி மறுபடி நட்டுக் கொடுத்தார்கள்.

அந்த அரை ஏக்கருக்கு வைத்திருந்த விதை முளைத்து, அழுகி வீணானது. மழை விட்டு வண்டி இறங்குகிற பதத்துக்கு மண் வருவதற்குள் பட்டம் தாண்டிவிட்டது. அந்த இடம் அந்த வருடம் சும்மா கிடந்தது. எரியோடு பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். பார்க்காமல் போகலாம் என்று நினைத்தாலும் தலை தானாகத் திரும்பும். பட்டறையில் யாராவது என்னைக் கைராசிக்காரர் என்று சொன்னால், வழக்கம்போல் சிரிப்பேன், உள்ளே கசக்கும்.

எங்கே தவறினேன் என்று ஒரு வருடம் யோசித்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றால், கடைசியாக அதில் என்ன மாறியது, கடைசியாக அதைத் தொட்டது யார் என்று கேட்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. பட்டறைக்கு வருகிற டிரைவர்களிடமெல்லாம் நான் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான். "யாருய்யா கடைசியாக் கை வச்சது?" என்று கேட்டு, யார் கை வைத்திருந்தாலும் அவர் பரம்பரையையே திட்டுவேன். அன்றைக்கு மட்டும் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் என் கட்டைவிரலில் இருந்தது.

மறு வருடம் ஆயுத பூஜை வந்தது. வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு சவரியின் வண்டிக்கு வந்தேன். அந்த வருடம் என் கை கொஞ்சம் சிக்கனமாகத்தான் இருந்தது. விளக்குக்கு வைத்தேன், ஸ்டீயரிங்குக்கு வைத்தேன். பழக்க தோஷத்தில் கை தொட்டி மூடிப் பக்கம் போனது. சவரி தன் உள்ளங்கையை மூடி மேல் வைத்துப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, இங்க மட்டும் வேணாம்ண்ணே."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்ண்ணே."

"ஏன்யா சொல்லல?"

"பதினாலு பொம்பளையாளுக முன்னாடி எப்படிண்ணே சொல்றது?" என்றார். பிறகு சொன்னார்: "எனக்கா எங்க தெரிஞ்சுச்சு? பாண்டியம்மாக்காதான் மூடிய வாங்கிப் பாத்துட்டு, சந்தனத்துல பதிஞ்சிருந்த ஒங்க கட்டவெரல் தழும்பக் காட்டுச்சு. பாவம், சொல்லிப்புடாதடான்னும் சொல்லுச்சு."

சந்தனக் கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். ஊக்கைக் கழற்றி நீட்டியபோது அவர் முகத்தைப் பார்த்தது ஞாபகம் வந்தது. நல்லா இருப்ப தம்பி என்றது ஞாபகம் வந்தது. வாய்விட்டு அழவில்லை என்பதுதான் குறை.

மறுநாள் காலையில் எரியோட்டுக்குப் போனேன். பாண்டியம்மாள் தோட்டத்தில் அந்த வருட நடவு நடந்துகொண்டிருந்தது. பார்கள் பூஜைக்கு முந்தின நாளே போட்டு முடிந்திருந்தன. என் பைக்கைப் பார்த்ததும் ஒரு குரல் வந்தது.

"மெக்கானிக் அண்ணே, இன்னைக்கு இங்க எந்த வண்டியும் நிக்கலையே!"

நான் நேராகப் பாண்டியம்மாளிடம் போனேன். அவர் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று.

"அக்கா, போன வருசம் மூடியில இருந்தது தூசி இல்ல. சந்தனம். நான் வச்சது."

"தெரியுமே" என்றார், நிமிராமல்.

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ ஒக்காந்து மூணு பார் நட்டிருப்பியா? பைக்க எடுத்துக்கிட்டுப் போயிருப்ப."

"என்னால அரை ஏக்கர் போச்சேக்கா."

"போச்சுதான்" என்றார். இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இல்லைன்னு நான் சொல்லலையே."

ஒன்றும் இல்லை, விடு தம்பி என்று சொல்லுவார் என எதிர்பார்த்திருந்தேன். அவர் சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி என்று இன்றைக்குத் தெரிகிறது. அவர் பக்கத்தில் இருந்த வெங்காயக் கூடையை என் பக்கம் தள்ளினார்.

"வந்தது வந்துட்ட. அந்தக் கடேசிப் பார் சும்மா கெடக்கு. போய் ஒக்காரு. வேரு எந்தப் பக்கம் இருக்கணும், ஞாவகம் இருக்கா?"

இருந்தது. பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு வயலில் இறங்கினேன்.